இலவச அழைப்புக்கு விலை கொடுப்பவர் யார்?

பிரித்தானியாவிலே 1985ஆம் ஆண்டில் தொலைபேசித் துறையில் இரண்டு புதுமைகள் தோன்றின. அவ்வாண்டின் முதல் நாளன்று வோடபோன் நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகைச்சுவை நடிகர் ஏர்ணி வைஸ் என்பார், இலண்டன் மாநகரின் சென் கதரின் துறையில் நின்றுகொண்டு, நியூபெரி நகரிலிருந்த அந்நிறுவனத்தின் அலுவலகத்தோடு பேசினார். அந்த அலுவலகம் அந்நாளில் ஓர் இந்திய உணவுச்சாலையின் மேல்மாடியில் இருந்தது என்பர். அதே ஆண்டின் பிற்பகுதியிலே, பிரிட்டிஷ் ரெலிகொம் நிறுவனம் 0800 என்று தொடங்கும் எண்களை அறிமுகஞ் செய்தது. அவ்வெண்களை அழைப்பவர் ஒரு பென்சுந்தானும் கொடுக்கவேண்டியதில்லை. அழைக்கப்படுபவரே கட்டணத்தைச் செலுத்துவார்.

ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்கிப்போவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. கைத்தொலைபேசியிலிருந்து 0800 எண்ணை இலவசமாக அழைக்கும் வசதி 2015ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதிதான் பிரித்தானிய மக்களுக்கு உரிமையாயிற்று. அந்த உரிமையும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. வணிகக் கணக்கில் கைத்தொலைபேசி வைத்திருப்பவர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டு பேர் வேலைசெய்யும் மூலைக்கடையின் உரிமையாளராயினும் சரி, இருபதாயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனியாயினும் சரி, இந்த விதியின்முன் இருவரும் ஒருவரே.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இலவச அழைப்பு என்பது உண்மையில் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தபாலிலே ‘மறுமொழி உறை’ என்று ஒன்று வருவதுண்டு. அதில் முத்திரை ஒட்டவேண்டியதில்லை. ஆயினும் தபாற் கந்தோர் அதனைத் தருமத்துக்காகச் சுமந்து செல்வதில்லை. உறையைப் பெறுகின்ற நிறுவனம் தபாற் செலவைக் கொடுத்துவிடுகிறது. 0800 எண்ணும் இத்தகையதே. ஒருவர் தமது வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஒரு காப்புறுதிக் கம்பனியின் 0800 எண்ணை அழைக்கிறார் எனக் கொள்வோம். அழைப்பு அவருடைய தொலைபேசிக் கம்பனியிலிருந்து புறப்பட்டு, காப்புறுதிக் கம்பனிக்கு அந்த எண்ணை வழங்கிய மற்றொரு தொலைபேசிக் கம்பனியைச் சென்றடைகிறது. காப்புறுதிக் கம்பனி நிமிடக் கணக்கில் தன் தொலைபேசிக் கம்பனிக்குப் பணங் கட்டுகிறது. அக்கம்பனி அதில் ஒரு பங்கை, அழைப்பு எங்கிருந்து புறப்பட்டதோ அந்தக் கம்பனிக்கு அனுப்புகிறது. எனவே பணம் கைமாறாமலில்லை. அழைத்தவர் கண்ணுக்குத் தெரியாத வழியால் அது கைமாறுகிறது. அவ்வளவே.

கம்பிவழித் தொலைபேசியைப் பொறுத்தவரையில் அந்தச் சிறு பங்கு போதுமானதாக இருந்தது. கைத்தொலைபேசிக் கம்பனிகள் அதனை ஏற்கவில்லை. கோபுரங்களை நாடெங்கும் நாட்டி, அலைவரிசைக்கு அரசாங்கத்துக்குப் பெருந்தொகை கட்டி நடத்துகின்ற சேவைக்கு அப்பங்கு போதாது என்பது அவற்றின் வாதம். அதனால் மிகுதியை அழைப்பவரிடமே அறவிட்டன. “இந்த எண் இலவச எண்ணாயினும், உமது கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பதற்குக் கட்டணம் உண்டு” என்னும் கருத்தில் ஓர் அறிவித்தல் அழைப்பின் தொடக்கத்தில் ஒலிப்பதும் வழக்கமாயிற்று. கட்டணம் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டது. சில திட்டங்களில் அது நிமிடத்துக்கு 40 பென்ஸ் வரை சென்றது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதிலும் பார்க்க, ‘இலவச’ எண்ணோடு பேசுவதற்கு மிகுந்த செலவாயிற்று!

இதனால் மிகவும் வருந்தியவர் ஏழைகளே. வீட்டில் கம்பிவழித் தொலைபேசி வைத்திருக்க இயலாதவர்கள், முற்பணங் கட்டிய கைத்தொலைபேசி ஒன்றையே நம்பியிருந்தனர். உதவிப்பணம் கேட்டு அரசாங்க அலுவலகத்தின் 0800 எண்ணை அழைத்தால், வரிசையிற் காத்திருக்கும்போதே அம்முற்பணம் கரைந்துபோயிற்று. 2010ஆம் ஆண்டில், உதவிப்பணம் வழங்கும் திணைக்களம் கைத்தொலைபேசிக் கம்பனிகளோடு தனியான உடன்பாடு ஒன்று செய்து, தன் எண்கள் சிலவற்றை இலவசமாக்கிக்கொண்டது. பின்னர், தொலைத்தொடர்பை மேற்பார்வை செய்யும் ஒஃப்கொம் என்னும் அதிகார சபை பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2013 டிசெம்பரில் தன் முடிவை வெளியிட்டது. 0800, 0808 என்று தொடங்கும் எண்கள் யாவும் கைத்தொலைபேசியிலிருந்தும் இலவசமாதல் வேண்டும் என்பதே அம்முடிவு. அது நடைமுறைக்கு வந்த நாள்தான் முன்னே கூறிய 2015 யூலை முதலாந் திகதி.

ஆனால் அவ்விதியில் ஒரு சொல் இருக்கிறது. இலவசம் என்னும் உறுதி ‘நுகர்வோர்’ என்பவருக்கு வழங்கப்பட்டது. நுகர்வோர் என்றால் தம் தொழிலுக்கோ வாணிபத்துக்கோ அல்லாமற் சொந்தத் தேவைக்காகச் சேவையை வாங்குபவர் என்பது சட்டத்தின் பொருள். வணிகக் கணக்கை வைத்திருப்பவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். ஆகவே அவருடைய கைத்தொலைபேசியிலிருந்து 0800 எண்ணை அழைத்தால் கட்டணம் உண்டா இல்லையா என்பதை விதி தீர்மானிப்பதில்லை. அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. சில திட்டங்களில் அது இலவசமாகவே இருக்கும். வேறு சிலவற்றில் நிமிடத்துக்கு இவ்வளவு பென்ஸ் என்று கட்டண அட்டவணையின் உட்பக்கம் ஒன்றில் எழுதப்பட்டிருக்கும்.

இத்தகைய வேறுபாட்டுக்கு ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. வணிகர் பேரம்பேச வல்லவர். ஆயிரக்கணக்கான தொலைபேசிகளை ஒரேயடியாக வாங்குகின்ற நிறுவனம், தனக்கு வேண்டிய விலையைத் தானே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டியதில்லை என்பது அந்நியாயம். வங்கிக்கும் விமானக் கம்பனிக்கும் இது பொருந்தும். குழாய் திருத்துபவருக்கும் தலைமயிர் வெட்டுபவருக்கும் பொருந்துமா? அவர் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டு பேரம்பேசப் போனால், அச்சிட்ட படிவத்தைத்தான் நீட்டுவார்கள்.

இலண்டனில் ஈஸ்ற்காம், ரூட்டிங், ஹரோ முதலிய பகுதிகளிலே இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பலர் பலசரக்குக் கடைகளும் பத்திரிகைக் கடைகளும் பெற்றோல் நிலையங்களும் நடத்தி வருகின்றனர். அத்தகைய கடைக்காரர் ஒருவரின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். கடன் அட்டை இயந்திரம் பழுதாகிவிட்டது. வாடிக்கையாளர் பணநோட்டு வைத்திருப்பதில்லை, அட்டையையே நீட்டுகின்றனர். கடைக்காரர் இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் 0800 எண்ணை, கல்லாவின் அருகிற் கிடக்கும் கடைத் தொலைபேசியில் அழைக்கிறார். இசை கேட்கிறது. “உமது அழைப்பு எமக்கு முக்கியமானது” என்கிறது ஒரு குரல். ஒருவர் வந்து பேசி, இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அணைத்து எரியவைக்கச் சொல்லி முடியும்போது 45 நிமிடங்கள் கடந்துவிட்டன. அவருடைய திட்டத்தில் இவ்வகை அழைப்புக்கு நிமிடத்துக்கு 20 பென்ஸ் எனக் கொண்டால், 9 பவுண் ஆயிற்று. வரியுஞ் சேர்ந்தால் 10 பவுண் 80 பென்ஸ். எண் இலவச எண். மாதக் கட்டணமோ ‘எல்லையற்ற அழைப்பு’ என்ற பெயரில் முன்னரே கட்டியது. இவ்விரண்டும் இருந்தும் மாத முடிவிற் பட்டியலில் ஒரு புதுவரி தோன்றுகிறது. அதே அழைப்பை அவருடைய மனைவியின் சொந்தக் கைத்தொலைபேசியிலிருந்து எடுத்திருந்தால், ஒரு சதமும் சென்றிராது.

வரியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். சிறு வணிகர் ஏமாந்துபோகும் மற்றோர் இடம் அது. பிரித்தானியாவில் பெறுமதி சேர் வரி 2011ஆம் ஆண்டு சனவரியிலிருந்து 20 சதவீதமாக உள்ளது. சொந்தப் பாவனைக்கான தொலைபேசித் திட்டத்தின் விளம்பரத்தில் வரியைச் சேர்த்தே விலை கூறப்படும். வணிகத் திட்டத்தின் விளம்பரத்திலோ வரி நீங்கலான விலையே பெரிய எழுத்தில் இருக்கும். மாதம் 20 பவுண் என்று கண்டு மகிழ்ந்தவர் 24 பவுண் கட்டுகிறார். வரிக்குப் பதிவுசெய்துகொண்ட வணிகருக்கு இதனால் நட்டமில்லை. கட்டிய வரியைத் தம் கணக்கிற் கழித்துக்கொள்வார். ஆனால் ஆண்டு விற்பனை ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டால் மாத்திரமே பதிவு கட்டாயமாகும். அத்தொகை 2024 ஏப்பிரலில் 85,000 பவுணிலிருந்து 90,000 பவுணாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழேயுள்ள சிறு தொழிலாளர் மிகப்பலர் பதிவுசெய்வதில்லை. கட்டிய வரியை மீளப்பெறவும் முடியாது. தலா 20 பவுண் விலைகூறிய இரண்டு தொலைபேசிகளை இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தஞ் செய்தவர், தாம் எதிர்பார்த்ததிலும் 192 பவுண் மிகுதியாகக் கட்டியிருப்பார். இரு திட்டங்களின் விலையை ஒப்பிடும்போது ஒரு பக்கம் வரியோடும் மறுபக்கம் வரியின்றியும் ஒப்பிடுவது, உமியோடு கூடிய நெல்லையும் தீட்டிய அரிசியையும் ஒரே படியால் அளப்பது போன்றது.

கைத்தொலைபேசியின் வரலாற்றைப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்கருவி வணிகருக்காகவே தோன்றியது. 1985ஆம் ஆண்டில் விற்கப்பட்ட, கையிலே தூக்கிச் செல்லத்தக்க தொலைபேசி ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடையது. அரைமணி நேரம் பேசினால் அதன் மின்கலம் ஓய்ந்துவிடும். பங்குத் தரகரும் கட்டட ஒப்பந்தக்காரரும் அன்றி அதனை வாங்கியவர் சிலரே. சாதாரண குடும்பத்தவரை முதன்முதல் வலிந்து அழைத்த நிறுவனங்களுள் ஒன்று, 1993 செப்டெம்பரில் இலண்டனில் தொடங்கிய வன்-ரு-வன். நெருக்கடியில்லாத நேரங்களில் உள்ளூர் அழைப்புகள் யாவும் இலவசம் என்று அது அறிவித்தது. பகலிலே வெறிச்சோடிக் கிடந்த அதன் இணைப்புகள் மாலையானதும் நிரம்பி வழிந்தன. இரண்டு தொலைபேசிகளை வாங்கி, ஒன்றைக் குழந்தையின் தொட்டிலருகில் வைத்துவிட்டு, மற்றையதை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போன பெற்றோரும் உண்டாம்! கடை திறந்திருக்கும் பகல் வேளையில் பேசவேண்டிய வணிகருக்கு அந்த இலவசத்தால் யாதொரு பயனும் இருக்கவில்லை. அன்று தொடங்கி, இலவசம் என்பது வீட்டாரைக் கவரும் சொல்லாகவும், வணிகர் கொடுக்கும் கட்டணம் கம்பனியைத் தாங்கும் தூணாகவும் இருந்துவந்தன.

பிற்காலத்தில் ஒரு கம்பனியின் அழைப்பை மற்றொரு கம்பனி ஏற்று முடித்துவைப்பதற்கான தொகைக்கு ஒஃப்கொம் உச்சவரம்பு விதித்துப் படிப்படியாகக் குறைத்தது. அது நிமிடத்துக்கு ஒரு பென்சிலும் கீழே இறங்கியபின்னரே ‘எல்லையற்ற நிமிடங்கள்’ எங்கும் மலிந்தன. வணிகத் திட்டங்களிலும் இன்று அவை பரவலாகக் கிடைக்கின்றன. ஒரே கடையைச் சேர்ந்த தொலைபேசிகள் தமக்குள் பேசுவதும் பல திட்டங்களில் அவ்வாறே. ஆகவே சிறு வணிகரின் பட்டியல் வீங்குவது 01, 02, 07 என்று தொடங்கும் சாதாரண எண்களால் அன்று. எல்லையற்றது என்னும் சொல்லின் எல்லைக்கு அப்பால் நிற்கின்ற எண்களாலேயே வீங்குகிறது. 0800 அவற்றுள் ஒன்று. 084, 087 என்பன அதிலும் கடுமையானவை.

இவ்வெண்களை அழைக்கும்போது இரண்டு பேர் பணம் பெறுகின்றனர். அழைக்கப்படும் நிறுவனமும் அதன் தொலைபேசிக் கம்பனியும் பெறுவது சேவைக் கட்டணம். 084 எண்ணுக்கு நிமிடத்துக்கு 7 பென்சும், 087 எண்ணுக்கு 13 பென்சும் அதன் உச்சவரம்பு. அழைப்பவரின் கம்பனி அதன்மேல் அணுகற் கட்டணம் என்று ஒன்றைச் சேர்க்கிறது. கைத்தொலைபேசியில் அது நிமிடத்துக்கு 50 பென்சையும் தாண்டுவதுண்டு. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டவேண்டும் என்னும் விதியும் நுகர்வோருக்காகவே செய்யப்பட்டது. 2014 யூனிலிருந்து, பொருளை விற்ற நிறுவனம் அதைப்பற்றி விசாரிக்கும் வாடிக்கையாளரை மிகுகட்டண எண்ணில் அழைக்கவைத்தல் ஆகாது என்றொரு சட்டம் உண்டு. அதுவும் நுகர்வோருக்கே. கடைக்கு வாங்கிய குளிர்ப்பெட்டி பழுதானாலும் வீட்டுக்கு வாங்கிய குளிர்ப்பெட்டி பழுதானாலும் கெட்டுப்போவது ஒரே பால்தான். ஆயினும் சட்டம் இரண்டையும் வேறுவேறாகவே பார்க்கிறது.

இவற்றுக்கிடையே சிறு வணிகருக்கு உதவுகின்ற எண்வரிசை ஒன்று உண்டு. அது 2007ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட 03. இவ்வெண்களுக்கு, சாதாரண 01, 02 எண்களிலும் மிகுந்த கட்டணம் அறவிடலாகாது. மாதக் கட்டணத்துள் நிமிடங்கள் அடங்கியிருந்தால், 03 அழைப்பும் அவற்றுள் அடங்கவேண்டும். வருமான வரியும் சுங்க வரியும் திரட்டும் திணைக்களம் 2013ஆம் ஆண்டில் தன் எண்களை 0845இலிருந்து 0300க்கு மாற்றியது. இம்மாற்றம் எத்துணைப் பெரிது என்பதை வேறொரு கணக்கிலிருந்து உணரலாம். அத்திணைக்களத்தை அழைத்தவர்கள் 2022-23ஆம் நிதியாண்டில் அலுவலர் ஒருவரோடு பேசுவதற்காக வரிசையிற் காத்திருந்த நேரம் யாவற்றையும் கூட்டினால் 798 ஆண்டுகள் என்று பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நிமிடக் கட்டணத்தில் அந்தக் காத்திருப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! இலவசம் என்று பெயர் சூட்டப்பெறாத 03, வணிகக் கணக்கிலுள்ளவருக்கு இலவச எண்ணிலும் மலிவாக முடிவது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

0800 எண்ணைத் தாமே வைத்திருக்கின்ற சிறு வணிகரின் பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. வாடிக்கையாளர் செலவின்றிப் பேசட்டும் என்று வண்டியின் பக்கத்தில் 0800 எண்ணை எழுதி வைத்த குழாய்க்காரர் பலர் இருந்தனர். 2015இல் கைத்தொலைபேசி அழைப்புகள் இலவசமானபோது, கைத்தொலைபேசிக் கம்பனிக்குச் சேரவேண்டிய பங்கு கம்பிவழி அழைப்பின் பங்கிலும் மிகுந்தது. அச்சுமை எண்ணை வைத்திருப்பவர்மேல் இறங்கியது. ஏழைக்கு நன்மை செய்த அந்த விதியின் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் குழாய்க்காரர். அதனால் அவர்களுட் சிலர் 0800ஐக் கைவிட்டு 03க்கு மாறினர்.

சட்டம் சிறு வணிகரை எங்குமே அறியாது என்றும் சொல்வதற்கில்லை. பத்துப் பேருக்கு மேற்படாதோர் வேலைசெய்யும் தொழிலகம், தன் தொலைபேசிக் கம்பனியோடு தீராத பிணக்கு ஏற்பட்டால், சாதாரண குடிமகனைப் போலவே செலவின்றி சுயாதீனமான மத்தியத்தரிடம் முறையிடலாம். அங்கே பத்துப் பேர் கொண்ட கடை சிறியது என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. 0800 அழைப்பிலே அதே கடை பெரிய கம்பனியோடு ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. ஒரே நாட்டின் ஒரே துறையில், ஒரு கடை காலையிற் சிறியதாகவும் மாலையிற் பெரியதாகவும் இருப்பது விந்தையே. பத்துப் பேர் என்னும் அந்த அளவுகோலை இலவச அழைப்புக்கும் பொருத்துவதற்குத் தடையாக நிற்கும் காரணம் எளிதிற் புலப்படவில்லை.

அதுவரையிற் கடைக்காரர் செய்யக்கூடியவை சில. ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன், 0800 எண்ணுக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விலையை வரியோடு சேர்த்துச் சொல்லும்படி கேட்கலாம். தனியொருவராகத் தொழில் செய்பவர், வணிகத் திட்டத்தால் தமக்கு உண்மையிற் கிடைக்கும் நன்மை யாது என்று எண்ணிப் பார்த்துச் சாதாரணத் திட்டத்தையே தெரிந்துகொள்வதும் உண்டு. இன்னுமொரு வழியைப் பலர் அறியார். 0800 எண்களைப் பிறநாட்டிலிருந்து அழைப்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே பல நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து அழைப்போருக்கென்று 01 அல்லது 02 என்று தொடங்கும் மற்றோர் எண்ணையும் கடிதத்தின் அடியிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும். அது போய்ச் சேருவதும் பெரும்பாலும் அதே அலுவலகத்துக்குத்தான். ஈஸ்ற்காமிலுள்ள கடைக்காரர், தாம் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பவர் போல அந்த எண்ணை அழைத்தால், அவ்வழைப்பு ‘எல்லையற்ற’ நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். அதே இசையை அதே 45 நிமிடங்கள் மேலதிகக் கட்டணமின்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.